ஒரு சாண் ஸ்டாண்டுக்கு ஒரு விண்ணப்பம்

பழஞ்சின்னங்களைக் காக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை குடைவரையின் வாசலில் காவலர் என் பையைத் திறந்து மூன்று பொருள்களை வெளியே எடுத்து வைத்தார்: ஒரு சாண் உயரக் கேமரா ஸ்டாண்ட், ஒரு துண்டு, அரைக் கிலோ பச்சைப்பயறு அடைத்துத் தைத்த துணிப்பை. ஸ்டாண்டை விடமாட்டார் என்று தெரிந்தேதான் பயற்றுப் பையையும் எடுத்துப் போயிருந்தேன். “இது எதற்கு?” என்றார். கேமராவை இதன்மேல் வைத்தால் ஆடாது என்றேன். சற்று யோசித்தார். “அப்படியென்றால் இதுவும் ஸ்டாண்ட்தான்” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

விதி உங்களுடையது; அதை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. நான் உள்ளே என்ன செய்யப் பார்க்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன். முன்மண்டப விதானத்தின் வலது மூலையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு செங்காவிக் கோடு மிஞ்சியிருக்கிறது. தாமரைத் தண்டாக இருக்கலாம். வெளிச்சம் வர வாசலைத் தவிர வேறு வழி இல்லை. என்னிடம் இருப்பது பழைய கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும். அந்த இருட்டில், ஒளியைக் கேமரா எவ்வளவு உணர வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100இல் வைத்தால் ஷட்டர் 8 நொடி திறந்திருக்க வேண்டும். அத்தனை நேரம் அசையாமல் நிற்க நான் துவாரபாலகர் இல்லை. 6400க்கு ஏற்றினால் நொடியில் எட்டில் ஒரு பங்கு போதும். ஆனால் அறுபதைத் தாண்டிய கை அதற்கும் ஆடுகிறது. படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வேறு. தூணில் சாயக் கூடாது என்பதால் சப்பணமிட்டு உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி 27 படங்கள் எடுத்தேன். ஒன்றில்கூட, எது கோடு, எது பாறைக் கீறல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிளாஷ் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் கல்வெட்டு எழுத்தின் நிழல் போய், எழுத்தே தட்டையாகிவிடும். நான் கேட்பது ஒன்றுதான்: ரப்பர் பாதம் வைத்த ஒரு சாண் ஸ்டாண்டைத் தரையில் வைக்க அனுமதி.

எழுதியும் கேட்டேன். இரண்டு பதிவுத் தபால், மூன்று மாதக் காத்திருப்பு. கடைசியில் வந்தது சினிமாப் படப்பிடிப்புக்கான படிவம். கதைச் சுருக்கம் இணைக்க வேண்டுமாம். கதாநாயகர் ஒரு தூண், பல நூற்றாண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கிறார், வசனம் இல்லை.

நான் சப்பணமிட்டிருந்த அதே நேரத்தில் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. நான்கு கைப்பேசிகளின் டார்ச்சும் விதானத்தை நோக்கித் திரும்பின. தகப்பனார் தோளில் இருந்த குழந்தை எட்டி அந்தச் செங்காவியைத் தொட்டது. தடுக்க ஆள் இல்லை. காவலர் வாசலில் என் பயற்றைக் காத்துக்கொண்டிருந்தார்.

1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டிச் சேர்த்தார். அவரைப் புகைப்படக்காரராக நியமித்ததே அன்றைய சென்னை மாகாண அரசுதான். மெழுகேற்றிய காகித நெகட்டிவும் பெரும் பெட்டிக் கேமராவும் கையில் பிடித்து எடுக்கிற சமாசாரமா? அதே கோயிலின் இருண்ட உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவர் கையில் பயற்றுப் பை இல்லாதது நம் பாக்கியம்.

திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியும் சுண்ணாம்பு அடித்தும் எத்தனை கோயில் சுவர்களை வழித்தெடுத்தாயிற்று! கம்ப்ரசர் வண்டி வாசல்வரை போகலாம், பயறு போகக் கூடாது. தூணில் ஆணி அடித்து ஒயர் இழுத்துப் பச்சை விளக்குப் போடுகிறவர்களிடம் யார் கதைச் சுருக்கம் கேட்டார்கள்? மன்னிக்க வேண்டும், இதை எழுத உட்காரவில்லை.

கூட்டம் இல்லாத காலை முதல் ஒரு மணி நேரம் போதும். என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவலர் பக்கத்திலேயே நிற்கட்டும். ஸ்டாண்டுக்குத் தனி டிக்கெட் என்றாலும் வாங்குகிறேன். எடுக்கும் படங்களின் பிரதியை உங்கள் அலுவலகத்துக்கே தருகிறேன், காசு வேண்டாம். அந்த ஒரு சாண் ஸ்டாண்டை மட்டும் தயவுசெய்து அனுமதியுங்கள். விதானத்தில் மழைநீர் கசிவது உங்களுக்குத் தெரிந்ததுதான். போன ஆண்டு நான் பார்த்தபோது அந்தக் கோடு ஒரு முழு உள்ளங்கை அகலம் இருந்தது.

ஐப்பசி மழைக்கு முன் பதில் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். அன்று நான் வெளியே வந்தபோது காவலர் அறை பூட்டியிருந்தது. ஸ்டாண்டும் துண்டும் பயற்றுப் பையும் அங்கேயே இருக்கின்றன. பயற்றில் வண்டு விழுவதற்குள் அனுமதிக் கடிதத்தோடு வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஓவிய ஆசிரியர்