சென்னை கண்ணகி நகர் சங்கம், செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: இந்த வருஷம் பூரா புள்ளைங்களப் பத்திதான்

தலைவர் அக்கா, பொருளாளர் அண்ணன், கமிட்டி மெம்பர்ங்க, வீட்டு வேலைய முடிச்சிட்டு நேரா இங்க வந்திருக்குற அக்காங்க, தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

எப்பவும் போல தண்ணி, தெருவிளக்கு, சாக்கடைன்னு வரிசையா எழுதலாம்னுதான் உக்காந்தேன். மினிட்ஸ் புக்க பொரட்டிப் பாத்தா ஜூலைக்கு அப்புறம் நாம பேசினதுல முக்காவாசி 12 வயசுலேர்ந்து 19 வயசுக்குள்ள இருக்குற நம்ம புள்ளைங்களப் பத்திதான் இருக்கு. அதனால இந்த வாட்டி அதத்தான் விலாவாரியா எழுதியிருக்கேன், மத்ததெல்லாம் கடைசில நாலு வரில சொல்லிடறேன்.

ஜூலைல என்ன ஆச்சுன்னு பாதி பேருக்குத் தெரியும். எங்க பிளாக்குல ஒன்பதாவது படிக்கிற பொண்ணு காலைல குடத்தத் தூக்கிட்டு ரெண்டாவது மாடிக்கு ஏறும்போது படிக்கட்டுலயே உக்காந்துடுச்சு. குடம் உருண்டு கீழ வந்த சத்தம் கேட்டுதான் நான் கதவத் தொறந்தேன். உதடெல்லாம் வெளுத்துப்போய் மூச்சு வாங்குது, தண்ணி குடும்மான்னு கைய நீட்டுது, நகத்தப் பாத்தா காகிதம் மாதிரி இருக்கு. அவங்க அம்மா விடிகாலையிலயே ஓஎம்ஆர்ல ஒரு அபார்ட்மென்ட்டுக்கு வேலைக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் வந்தப்ப கேட்டா, "அவ கொஞ்ச நாளாவே நல்லா கலர் வந்துட்டாக்கா, வயசுக்கு வந்ததுலேர்ந்தே அப்படிதான்"னு சந்தோஷமா சொல்றாங்க. பச்சரிசி டப்பா சீக்கிரம் காலியாகுதுன்னும் சொன்னாங்க, புள்ள உக்காந்து உக்காந்து பச்சரிசியையே மென்னுட்டு இருக்குமாம். ரெண்டும் ரத்தம் கம்மியா இருக்குறதுக்கு அடையாளம்னு எனக்கும் அப்ப தெரியாது. நானும் அந்தப் பொண்ணப் பாத்து "என்னடி, பளபளன்னு ஆயிட்ட"ன்னு சொன்னவதான், அத நினைச்சா இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். விரல்ல குத்திப் பாத்தாங்க, ஹீமோகுளோபின் 7.8. இந்த வயசுப் பொண்ணுக்கு 12 இருக்கணும், 8க்குக் கீழ போனா கடுமையான ரத்தசோகைன்னு அங்க இருந்த டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க, "இவ வீட்டுல எத்தனாவதா சாப்பிடுறா?" புள்ள கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "தம்பிங்க, அப்பா, அப்புறம் அம்மா, அதுக்கப்புறம் நான், பாத்திரம் கழுவுறதுக்கு முன்னாடி"ன்னு சொல்லுச்சு.

அந்தக் கேள்விதான் இந்த வருஷம் நம்ம சங்கத்த வேற பக்கம் திருப்பி விட்டுச்சு. ஆகஸ்ட்ல மகளிர் கூட்டத்துல இதே கேள்விய எல்லார்கிட்டயும் கேட்டோம். முதல்ல யாரும் வாயத் தொறக்கல, அப்புறம் ஒரு அக்கா எழுந்து "முட்டை ஒண்ணுதான் இருக்குன்னா அது பையனுக்குதானே, அவன்தானே வெளிய ஓடியாடுறான்"னு சொன்னாங்க. அவங்க பொண்ணு கிரவுண்டுல தினம் ரெண்டு மணி நேரம் கபடி ஆடுது! பக்கத்துல இருந்தவங்க அத ஞாபகப்படுத்தினதும் அந்த அக்கா அப்படியே உக்காந்துட்டாங்க. யாரையும் குத்தம் சொல்றதுக்காக இத எழுதல. நமக்கு நம்ம அம்மா சொல்லிக் குடுத்தது அது, பொம்பளப் புள்ள பொறுத்துப் போகணும், கடைசில சாப்பிடணும், வலிச்சா வெளிய சொல்லக்கூடாது. அதையே நாமளும் சொல்லிக் குடுக்குறோம், புள்ள உடம்பு அதுக்கு விலை குடுக்குது.

இது நம்ம நகர்ல மட்டும் நடக்குற விஷயமும் இல்ல. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல, நாட்டுல 15லேர்ந்து 19 வயசு வரைக்கும் இருக்குற பொண்ணுங்க நூறு பேருல 59 பேருக்கு ரத்தசோகை, அதே வயசுப் பசங்கள்ல 31 பேருக்கு. தமிழ்நாட்டுல பொண்ணுங்க நூத்துக்கு 53 பேர் கிட்ட வராங்க. மாசாமாசம் ரத்தம் போறதும், அந்த வயசுல உடம்பு வேகமா வளர்றதும் ஒரு காரணம்தான், ஆனா அது தெரிஞ்ச விஷயம்தானே, அப்ப அந்தப் புள்ளைக்குதானே முதல்ல வைக்கணும், நாம தலைகீழா பண்றோம். ரத்தம் கம்மியா இருந்தா படிப்பு ஏறாது, கவனம் நிக்காது, சோம்பேறின்னு பேர் வாங்கும். அதே புள்ளைக்கு 18, 19ல கல்யாணம் ஆயி வயித்துல குழந்தை வந்தா குழந்தையும் எடை கம்மியா பொறக்க வாய்ப்பு ஜாஸ்தி. அம்மாகிட்டேர்ந்து பொண்ணுக்கு, பொண்ணுகிட்டேர்ந்து பேத்திக்குன்னு போயிட்டே இருக்கும்.

வீட்டுல நாம பண்றது ஒரு பக்கம்னா வெளிய கிடைக்காதது இன்னொரு பக்கம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, அதுல வயிறு நிறைஞ்ச புள்ளைங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், அத எவ்ளோ சொன்னாலும் தகும். ஆனா அது ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும்தான். ஆறாவது போன உடனே காலைச் சாப்பாடு நின்னுடுது. மதியச் சாப்பாடும் முட்டையும் பத்தாவதோட முடிஞ்சுடுது. 11 வயசுல வளர ஆரம்பிக்குற புள்ளைக்கு ஒண்ணு நிக்குது, 16 வயசுல இன்னொண்ணு நிக்குது. அம்மா அஞ்சரை மணிக்கே வேலைக்குக் கிளம்பிடறாங்க, காலைல நம்ம பெரிய புள்ளைங்க பாதி பேருக்கு டீயும் வர்க்கியும்தான். டீயோட சேத்து சாப்பிட்டா சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்து உடம்புல சரியா ஒட்டாதுன்னு ரத்தப் பரிசோதனை கேம்ப்ல சொன்னப்ப ஒரு பையன் "அப்ப நாங்க சாப்பிடறதே வேஸ்ட்டாக்கா"ன்னு கேட்டான், என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

செஞ்சது என்னன்னா, அக்டோபர்லேர்ந்து டியூஷன் சென்டர்ல வாரத்துல நாலு நாள் சாயங்காலம் சுண்டல், ரெண்டு நாள் கடலை உருண்டை, சுண்டலுக்கு மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுக்குறோம், புளிப்பு சேந்தா இரும்புச்சத்து நல்லா ஏறும்ங்கறதால. பொண்ணும் பையனும் ஒரே வரிசைல உக்காந்து ஒரே அளவு. ஞாயித்துக்கிழமை கறி எடுக்குறவங்க சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கிடைச்சா பொண்ணுக்கு வைங்கன்னும், அது விலை கட்டாதுன்னா கோழி ஈரல் வாங்குங்கன்னும் வீடு வீடா சொல்லிட்டு வந்தோம். ஸ்கூல்ல வாரம் ஒண்ணு குடுக்குற நீலக் கலர் இரும்புச்சத்து மாத்திரைய புள்ளைங்க ஜன்னல் வழியா தூக்கிப் போடறாங்கன்னு தெரிஞ்சது. காரணம் கேட்டா வயித்தப் பொரட்டுது, வெளிக்குப் போனா கறுப்பா போகுது, அதவிட மோசமா அத சாப்பிட்டா பின்னாடி குழந்தை பொறக்காதுன்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. கறுப்பா போறது இரும்புச்சத்தாலதான், பயப்பட ஒண்ணும் இல்ல, வெறும் வயித்துல போடாம சாப்பிட்டுட்டு போட்டா பொரட்டல் கொறையும்னு நர்ஸம்மாவ கூட்டிட்டு வந்து பேச வச்சோம். பூச்சி மாத்திரையும் வருஷத்துக்கு ரெண்டு தடவ விடாம போடணும், இல்லன்னா சாப்பிடறதுல பாதி பூச்சிக்குப் போயிடும்.

இன்னொரு விஷயம் பொண்ணுங்க தனியா பேசினப்பதான் வெளிய வந்துச்சு. நெறைய புள்ளைங்க காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்ல. குடிச்சா ஸ்கூல் பாத்ரூம் போகணும், அங்க கதவுல தாப்பாள் இல்ல, பக்கெட் இல்ல. மாசத்துல அந்த மூணு நாள் லீவு போட்டுடறாங்க. நீர்க்கடுப்புன்னு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மாத்திரைய விட தாப்பாள்தான் மருந்து. நாம மனு எழுதிக் குடுத்தோம், ரெண்டு தடவ நேர்ல போனோம், ஜனவரில தாப்பாள் போட்டாங்க, தண்ணி இன்னும் சரியா வரல, விடப்போறதில்ல.

இப்ப பசங்க கதைக்கு வரேன். பசங்களுக்கு முட்டை கிடைக்குது, ஆனா வேற ஒண்ணு கிடைக்கல. ஆம்பளப் புள்ள அழக்கூடாது, பயப்படக்கூடாது, சம்பாதிக்கணும், இதத்தான் மூணு வயசுலேர்ந்து சொல்றோம். வீட்டுல ஒரே ரூம், ராத்திரி அப்பா குடிச்சிட்டு வந்தா பசங்க படிக்கட்டுலயும் மொட்டை மாடிலயும் போய் உக்காந்துக்குறாங்க, அங்கதான் உதட்டுக்குள்ள வைக்குற பாக்கெட் முதல்ல கைக்கு வருது. குட்கா மாநிலத்துல 2013லேர்ந்து தடை, ஸ்கூலச் சுத்தி 100 கெஜத்துக்குள்ள புகையிலையே விக்கக்கூடாது, ஆனா எட்டாவது படிக்கிற பையன் பாக்கெட்லேர்ந்து எடுத்துக் காட்டுறான். அவன்கிட்ட ஏன்டான்னு கேட்டா பசி தெரியாதுக்கான்னு சொன்னான். நான் அவன திட்டறதுக்காகத்தான் கூப்பிட்டேன், அதுக்கப்புறம் திட்ட வாய் வரல.

பிளஸ் டூ முடிச்ச ஒரு தம்பி வேலைக்கு பயோடேட்டா டைப் பண்ணித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தான். அட்ரஸ்ல கண்ணகி நகர்னு அடிச்சேன். அத அழிச்சிட்டு ஒக்கியம் துரைப்பாக்கம்னு மட்டும் போடுங்கக்கான்னு சொன்னான். ஏன்னா போன ரெண்டு இன்டர்வியூலயும் சர்டிபிகேட்ட பாத்தவரைக்கும் நல்லா பேசினாங்களாம், அட்ரஸ பாத்ததும் சொல்லி அனுப்புறோம்னுட்டாங்களாம். நான் அழிச்சிட்டு அடிச்சுக் குடுத்தேன். பிரின்ட் எடுத்துக் குடுத்தப்ப அவன் அந்தப் பேப்பர ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னான். 2000த்துலேர்ந்து கூவம் கரை, கால்வாய் ஓரம்னு சிட்டிக்குள்ள இருந்த நம்மள லாரில ஏத்தி கொண்டாந்து இங்க இறக்கி விட்டாங்க, வேலை ஒரு பக்கம் ஸ்கூல் ஒரு பக்கம்னு நின்னோம், அப்பதான் பெரிய புள்ளைங்க நெறைய பேர் படிப்ப விட்டாங்க. இந்தப் பையன் அப்ப பொறக்கவே இல்ல, அவன் செய்யாத எதுக்கோ அவன் அட்ரஸ் பதில் சொல்லிட்டு இருக்கு. 2020ல நம்ம சுவர்ல எல்லாம் அவ்ளோ அழகா பெருசு பெருசா படம் வரைஞ்சாங்க, போட்டோ எடுக்க எங்கெங்கிருந்தோ வராங்க, அதுல எனக்கு சந்தோஷம்தான், ஆனா வந்தவங்க யாராவது இந்தப் புள்ளைக்கு ஒரு வேலை குடுத்திருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். தூக்கம் வரல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, சாப்பாடு இறங்கலன்னு இந்த வயசுப் பசங்க நாலஞ்சு பேர் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு மனநல ஆலோசனை குடுக்குற 14416 நம்பர் எழுதிக் குடுத்திருக்கேன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். அத நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டியிருக்கோம், கிழிக்காதீங்க. அப்பாக்களுக்காக டிசம்பர்ல ஒரு கூட்டம் போட்டோம், ஏழு பேர்தான் வந்தாங்க, வந்த ஏழு பேரும் கடைசி வரைக்கும் இருந்தாங்க.

அக்டோபர்ல நமக்கெல்லாம் தலை நிமிர்ந்த நாள் வந்துச்சு. பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல இந்தியப் பொண்ணுங்க டீம் கபடில தங்கம் வாங்குச்சு, அதுல நம்ம கண்ணகி நகர் கார்த்திகா. டிவில ஊர் பேரோட சேத்து சொன்னப்ப தெருவே கத்துச்சு. முதலமைச்சர் கூப்பிட்டு 25 லட்சம் குடுத்தாரு. அதுக்கப்புறம் கிரவுண்டுக்கு வர்ற பொண்ணுங்க எண்ணிக்கை கூடியிருக்கு, ஷார்ட்ஸ் போட்டா என்ன சொல்வாங்கன்னு தடுத்த வீட்டுலேர்ந்தே வராங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், ஒரு கார்த்திகா வந்துட்டா, அப்ப எல்லாராலயும் முடியும், முடியாதவங்க முயற்சி பண்ணலன்னு பேச ஆரம்பிச்சிருக்கோம், அப்படிப் பேசாதீங்க. ரத்தம் 8 இருக்குற புள்ளைய கிரவுண்டுல ஓட விட்டா அது மயக்கம் போட்டுதான் விழும்.

கல்யாண விஷயம். 18 ஆகாத ரெண்டு பொண்ணுங்களுக்கு பேச்சு நடந்தது நமக்குத் தெரிய வந்துச்சு. ஒரு வீட்டுல தலைவர் அக்கா நாலு தடவ போய் உக்காந்து பேசி நின்னுச்சு, அந்தப் புள்ள இப்ப பாலிடெக்னிக் போகுது, புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது. இன்னொண்ணு நாம குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு அடிக்கறதுக்கு முன்னாடியே ஊருக்குக் கூட்டிட்டுப் போய் முடிச்சுட்டாங்க. அத நாம ஒரு வாரம் முன்னாடியே கேள்விப்பட்டோம், அடுத்தவங்க குடும்ப விஷயம்னு தயங்கினோம். மினிட்ஸ்ல இதயும் எழுதச் சொன்னது தலைவர் அக்காதான்.

மத்த விஷயங்கள். கமிட்டி கூட்டம் மாசாமாசம் நடந்துச்சு, மழைல நவம்பர் மட்டும் நடக்கல. தெருவிளக்கு மூணு மாத்தினாங்க, கிரவுண்டு பக்கம் இருக்குறது இன்னும் எரியல, பொண்ணுங்க பிராக்டிஸ் முடிச்சு வர்ற வழி அது, அதனால அதுதான் முதல்ல வேணும்னு மறுபடி மனு போட்டிருக்கு. மாச சந்தா 20 ரூபா அப்படியே இருக்கட்டும்னு கமிட்டி சொல்லுது, சுண்டல் செலவுக்கு மட்டும் முடிஞ்சவங்க தனியா குடுங்க. கணக்கு பொருளாளர் அண்ணன் படிப்பாரு, பில்லெல்லாம் ஃபைல்ல இருக்கு, யார் வேணா பாக்கலாம்.

ஜூலைல படிக்கட்டுல உக்காந்த அந்தப் பொண்ணுக்கு மூணு மாசம் மாத்திரை முடிச்சு திரும்பப் பாத்தப்ப 10.6 வந்துச்சு. இன்னும் 12 வரல, மாத்திரை ஓடிட்டு இருக்கு. வீட்டுல இப்ப தட்டெல்லாம் ஒண்ணா வைக்குறாங்கன்னு அவங்க அம்மா சொன்னாங்க, தண்ணிக் குடத்த தம்பிங்க தூக்குறாங்க, சண்டை போட்டுட்டேதான் தூக்குறாங்க, பரவால்ல.

அடுத்த ரத்தப் பரிசோதனை வர்ற ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலைல 9 மணிக்கு, டியூஷன் சென்டர்ல. வெறும் வயித்துல வர வேணாம், சாப்பிட வச்சே அனுப்புங்க. பசங்களையும் அனுப்புங்க, ஊசிக்கு பயந்தா கிண்டல் பண்ணாதீங்க. போன தடவ 12க்குக் கீழ வந்த புள்ளைங்க அந்தச் சீட்ட எடுத்துட்டு வரணும், தொலைஞ்சு போயிருந்தாலும் வாங்க, நோட்டுல எல்லார் பேரும் என்கிட்ட இருக்கு.

இப்படிக்கு,
செயலாளர்
கண்ணகி நகர், சென்னை