அடுத்த வருஷத்து நெல்

ரங்கூன்
18.11.2025

அன்புள்ள சேகர்,

உன் அக்கா மகன் கொண்டுவந்து கொடுத்த கடிதமும் மைலோ டப்பாவும் பத்திரமாகக் கிடைத்தன. பத்துப் பக்கம் எழுதியிருக்கிறாய். கிள்ளானில் உன் வேலை, வீட்டு வாடகை, மகள் படிப்பு எல்லாம் சேர்ந்து ஒன்றரைப் பக்கம். மீதி எட்டரைப் பக்கமும் நம் நியூ ஆர்லியன்ஸ் கூடைப்பந்து அணியை நடத்தும் ஜோ டூமார்ஸுக்கு அர்ச்சனை. சகஸ்ரநாமம்கூட இவ்வளவு நீளம் வராது.

உன் அம்மாவை வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலில் பார்த்தேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் படி ஏறும்போது கை கொடுத்தால் தட்டிவிடுகிறார். "அவன் இன்னும் அந்தப் பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறானா?" என்று கேட்டார். இல்லை அம்மா, நடுநடுவே வேலைக்கும் போகிறான் என்றேன். சிரிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கோச் வில்லி கிரீனை அனுப்பிவிட்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது. முதல் 12 ஆட்டத்தில் 2 வெற்றி என்றால் யாரையாவது அனுப்பத்தான் வேண்டும். நம் பழைய டீக்கடை, அதே மூலை மேசை. நியூ ஆர்லியன்ஸில் இரவு 7 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே காலை 7:30. ஒரு பொன்மான் டீ சொல்லிவிட்டு, போனில் சிக்னல் இருக்கும்வரை ஸ்கோர் பார்ப்பேன். கரண்ட் போய் டவரும் போனால் எழுந்து கடையைத் திறக்கப் போய்விடுவேன். சில நாள் அதுவே நல்லதாகப் போகிறது.

அந்த மூன்றாம் நம்பர் சட்டை இன்னும் இருக்கிறது. பழைய துணி மூட்டை பிரித்த அன்று நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தோமே, அதே கிறிஸ் பால் சட்டை. அப்போது அணிக்குப் பெயர் ஹார்னெட்ஸ். 2013ல் பெலிக்கன்ஸ் ஆனது. டீக்கடைப் பையன் கேட்கிறான்: "குளவிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூழைக்கடாவுக்காக ஏன் அண்ணே அழுகிறீர்கள்? குளவி கொட்டவாவது செய்யும்."

உன் எட்டரைப் பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். நீ இரண்டு வழக்கை ஒன்றாகக் கட்டி வாதாடுகிறாய். ஜூன் மாதம், புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் டிராஃப்ட் இரவில் டூமார்ஸ் 23ஆம் இடத்தைக் கொடுத்தார். கூடவே, அடுத்த வருஷம் நமக்கும் மில்வாக்கிக்கும் வரும் முதல் சுற்று இடங்களில் எது உசத்தியோ அதையும் எந்த நிபந்தனையும் இல்லாமல் அட்லாண்டாவிடம் கொடுத்தார். பதிலுக்கு 13ஆம் இடத்தை வாங்கி டெரிக் குவீனை எடுத்தார். பையனும் மோசம், விலையும் மோசம் என்கிறாய். விலை மோசம்தான். பையனை விடு, அவன் பாவம்.

குவீனை நீ சரியாகப் பார்த்தாயா என்றே சந்தேகமாக இருக்கிறது. மேரிலாண்ட் கல்லூரிக்கு ஆடும்போது, மார்ச் மாதம் கொலராடோ ஸ்டேட்டை எதிர்த்துக் கடைசி நொடியில் இடது பக்கமாகப் போய், உடம்பு பின்னால் சாய்ந்தபடியே பலகையில் பட்டு விழும்படி போட்டானே, 72-71. அந்த உடம்புக்கு அது சாதாரணமில்லை. வளையத்தில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டை எடுத்தால், பந்தை முன்னே கொண்டுபோகும் கார்டைத் தேடிக் கொடுக்க மாட்டான், தானே தட்டிக்கொண்டு வருவான். ஃப்ரீ த்ரோ கோட்டருகே வந்து, எதிராளி இன்னும் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கும்போதே மூலையில் நிற்பவனுக்குப் பாஸ் போய்விட்டிருக்கும். ஓட்டம் குறைவு, தடுப்பாட்டத்தில் கால் பிந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இவனைப் பார்ப்பதற்காகத்தான் நான் காலையில் எழுகிறேன்.

என் வழக்கு வேறு. தாத்தா பியாப்பானில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் ஏஜெண்டுக்கு அடுத்தாளாக இருந்தது உனக்குத் தெரியும். அந்தக் கடைகளில் மூன்று வருஷத்துக்கு ஒரு ஏஜெண்டு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், புது ஏஜெண்டு கப்பலேறி வந்து கணக்கை ஏற்பார். அவர் வந்த முதல் வாரமே கடன்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து எடை போட ஆரம்பித்துவிடுவார்களாம். கை தாராளமா, கண்டிப்பா, பழைய பாக்கியைத் தள்ளுவாரா என்று. ஜெனரல் மேனேஜர் மாறும்போது நாம் செய்வதும் அந்தத் திண்ணைப் பேச்சுதான். தாத்தா மட்டும் அதில் கலந்துகொள்ள மாட்டாராம். புது ஏஜெண்டு எழுதும் முதல் நாலு பத்திரத்தை வாங்கிப் படிப்பாராம். "விளைச்சல் மழை விட்ட வழி. எழுத்து மட்டும் இவன் கையில் இருந்தது" என்பாராம். அப்பா இதைச் சொல்லும்போது தாத்தா குரலிலேயே சொல்வார்.

நல்ல பத்திரமும் காப்பாற்றாத காலம் உண்டு என்பது வேறு கதை. 1930ல் நெல் விலை விழுந்தபோது கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1937ல் அது 25 சதவீதம். காசுக்குப் பதில் சேறு வந்து சேர்ந்தது என்பார் அப்பா. நிலம் போனவனுக்கும் வயிறு எரிந்தது, வந்தவனுக்கும் தூக்கம் போனது.

டூமார்ஸின் பத்திரத்தைத் தாத்தா கண்ணால் படித்துப் பார். நாம் போன சீசனில் 82 ஆட்டத்தில் ஜெயித்தது 21. நம் ஆட்டக்காரன் டிஜான்டே மரேவுக்கு ஜனவரியில் குதிகால் தசைநார் அறுந்தது. சயன் வில்லியம்சன் எப்போது ஆடுவான், எப்போது உட்காருவான் என்று அவனுக்கே தெரியாது. அடுத்த வருஷமும் நாம் கடைசி வரிசையில்தான் இருப்போம் என்பது டீக்கடைப் பையனுக்கே தெரியும். 2026 டிராஃப்டில் டிபன்ட்சா, பீட்டர்சன், பூசர் என்று மூன்று பெரிய பெயர்கள் வருகிறார்கள் என்பதும் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட அடுத்த வருஷத்து நெல்லை அடகு வைக்கும்போது, "முதல் நாலு இடத்துக்குள் வந்தால் எங்களுக்கே" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அட்லாண்டா ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்திருக்கலாம். இப்போது பார், மற்ற மட்டமான அணிகள் தோற்றால், டிராஃப்டில் யாருக்கு முதல் இடம் என்று போடும் சீட்டுக் குலுக்கலில் வாய்ப்பாவது கூடும். நாம் தோற்கத் தோற்க வாய்ப்புக் கூடுவது அட்லாண்டாவுக்கு. தோல்வியில்கூட ஒரு லாபம் இல்லாமல் செய்துவிட்டார் மனுஷன்.

எதிர்ப்பக்கம் அட்லாண்டாவுக்காக உட்கார்ந்திருந்த ஆன்சி சாலேயும் புது ஆள்தான். இரண்டு பேருமே ஏப்ரலில் பொறுப்பேற்றவர்கள். போர்சிங்கிஸை வாங்கினார், அலெக்சாண்டர் வாக்கரை ஒப்பந்தம் செய்தார், கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் தலையில் வைத்த கிரீடத்தில் பாதிக் கல் நம் வீட்டிலிருந்து போனது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உன் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். டார்கோ மிலிசிச்சைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். 2003ல் டூமார்ஸ் நடத்திய டெட்ராய்டுக்கு இரண்டாம் இடம் கிடைத்தும் அவனை எடுத்தார், அடுத்து வந்தவர்கள் கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட். சரி. ஆனால் 2000ல் என்ன நடந்தது? அவர் பொறுப்பேற்ற முதல் கோடையிலேயே கிரான்ட் ஹில் ஆர்லாண்டோவுக்குக் கிளம்பினார். சும்மா போக விடாமல் பதிலுக்கு இரண்டு பேரை வாங்கினார். அதில் ஒருவன் டிராஃப்டில் யாருமே எடுக்காத பென் வாலஸ். 2004ல் டெட்ராய்ட் லேக்கர்ஸை 4-1 என்று சாய்த்தபோது அந்த அணியின் முதுகெலும்பே அவன்தான். வரவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் செலவுப் பக்கத்தை மட்டும் படிக்கிறாய் நீ.

"ஓக்லஹோமாவைப் பார்" என்று நான் முன்பெல்லாம் சொல்வேனே, அதையும் இப்போது கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். சாம் பிரெஸ்டி 2007ல், அந்த அணி சியாட்டிலில் இருந்தபோது, பொறுப்பேற்றதும் ரே ஆலனை விற்றார், அந்த சீசனில் 62 தோல்வி. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள், அதுவரை யாரும் அப்படித் தோற்றதில்லை. இந்த ஜூனில் சாம்பியன். ஆகவே பொறுத்திரு என்பேன். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் விற்றபோது அடுத்தவன் வயலைத்தான் எழுதி வாங்கினார். பால் ஜார்ஜைக் கொடுத்தபோது கில்ஜியஸ் அலெக்சாண்டரோடு ஐந்து முதல் சுற்று இடம் வந்ததே. பொறுத்திருக்க ஒரு காரணம் பத்திரத்திலேயே இருந்தது.

டல்லாஸில் என்ன இருந்தது? 2024ல் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோன 25 வயது லூகாவைக் கொடுத்துவிட்டு, 31 வயதான நம் பழைய ஆன்டனி டேவிஸையும் மேக்ஸ் கிறிஸ்டியையும் 2029ஆம் வருஷத்து ஒரு இடத்தையும் அங்கே ஜெனரல் மேனேஜராக இருந்த நிக்கோ ஹாரிசன் வாங்கியபோது, அன்றைக்கே ஜனங்கள் அரங்க வாசலில் வந்து நின்றார்கள். ஒன்பது மாதம் கழித்துப் போன வாரம் அனுப்பினார்கள். நடுவில் 1.8 சதவீத வாய்ப்பில் முதல் இடம் விழுந்து கூப்பர் ஃப்ளாக் வந்தான். அது மழை. அதற்காக அந்தப் பத்திரம் நல்ல பத்திரம் ஆகிவிடாது. குலுக்கலில் நம் இடமும் மில்வாக்கி இடமும் சேர்ந்து பின்னால் போய், அட்லாண்டாவுக்கு 12ஆம் இடம்தான் விழுந்தாலும் டூமார்ஸை நான் விடுவதாக இல்லை.

அப்புறம், நீ கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் கிறுக்கியிருப்பதற்கு வருகிறேன். "உனக்கு டூமார்ஸ் மேல் பாசம் இருக்கத்தான் செய்யும், நீயும் என்னை விற்றவன்தானே." 29 வருஷமாகிறது சேகர்.

1996ல் சீனர் பள்ளி மைதானத்தில் நடந்த அந்தத் தெருப் போட்டி. நான் கேப்டன். உன்னையும் நம்மிடம் இருந்த ஒரே தோல் பந்தையும் கொடுத்து, அடுத்த தெருவிலிருந்து அந்த நெட்டையனை வாங்கினேன். இறுதி ஆட்டத்தில் அவன் பத்து நிமிஷம்கூட ஓடவில்லை, நீ எங்கள் வளையத்தில் போட்டுக்கொண்டே இருந்தாய். அவன் கால் ஆட்டத்தில் சுளுக்கியது என்று எல்லாரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அது அப்படியில்லை. பேச்சு முடிக்க அவன் வீட்டுக்குப் போனபோது, மூன்றாவது மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நொண்டி இறங்கி வந்தான். பார்த்தேன். அவன் உயரத்தையும் பார்த்தேன். சரி என்று கை கொடுத்துவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரித் தாதியாக இருக்கும் அவன் தங்கைக்கு மட்டும் தெரியும், அவள்தான் அன்று கதவைத் திறந்தாள்.

உன் அக்கா மகன் வியாழக்கிழமை திரும்புகிறான். ஊறவைத்த தேயிலை, அந்த லபே, அரைக் கிலோ கட்டிக் கொடுத்தனுப்புகிறேன், பூண்டும் பொரித்த பயறும் தனிப் பொட்டலம். உன் அம்மாவுக்கு முட்டியில் போட எலாஸ்டிக் பட்டை அங்கே நல்லதாகக் கிடைத்தால் அனுப்பு. நான் வாங்கித் தந்தால் போட்டுக்கொள்ள மாட்டார். மே மாதக் குலுக்கலுக்கு ஒரு பந்தயம்: நம் இடம் முதல் ஐந்துக்குள் விழுந்தால் நீ கேட்கும் அந்தச் சட்டை உனக்கு. விழாவிட்டால் நீ இன்னொரு மைலோ.

உன்,
கண்ணன்