ஏழாம் மாடித் தங்கச்சிக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்பான அயலவர்களே,

முகப்புக் கூடத்துக்கும் பல்கனிகளுக்கும் செய்த வேலையைக் காட்டி எங்கள் கட்டட நிர்வாகம் கேட்ட மேலதிக வாடகை உயர்வு பற்றி, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் சபையின் உத்தரவு நேற்று கையில் கிடைத்தது. முகப்புக் கூடத்தில் பதித்த பளிங்குக் கல்லுக்கு நாங்கள் காசு கட்டத் தேவையில்லை. அழகுக்காகச் செய்யும் வேலையை வாடகையில் ஏற்ற முடியாது என்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் முன்பே சொல்கிறது. ஆனால் யாராவது சபையில் எழுந்து அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. பல்கனி வேலைக்கான உயர்வை நாங்கள் கட்டத்தான் வேண்டும். முழு வெற்றி இல்லை. இருந்தாலும் நேற்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி ஏழாம் மாடித் தங்கச்சிக்கு. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வந்த பிள்ளை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள்.

சலவை அறைக் கூட்டம் நினைவிருக்கும். வழக்கமான உயர்வுக்கு மேலே வருடம் மூன்று வீதம், அதுவும் மூன்று வருடத்துக்குக் கேட்கலாம் என்று அறிந்ததும் பாதிப் பேர் சோர்ந்துபோனார்கள். காசு வாங்கிக்கொண்டு வெளியேறலாமா என்றுகூடச் சிலர் கதைத்தார்கள். அந்த நேரம் அவள் தன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி சலவை இயந்திரத்தின் மேல் விரித்து வைத்தாள். என் வீடும் அவள் வீடும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. நான் கட்டுவது 1,240 டொலர். அவளுடைய தாளில் 2,150. அந்த ஒற்றைப் படுக்கையறையில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் வாடகையைச் சம்பளத்தைப் போல மறைத்து வைப்பார்கள். அன்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். இங்கே ஆள் குடியிருக்கும்வரைதான் வாடகைக்குக் கட்டுப்பாடு. வீடு காலியானால் அடுத்தவரிடம் எவ்வளவும் கேட்கலாம். 1998இலிருந்து இப்படித்தான். வெளியேறினால் எங்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அந்த ஒரு தாள் காட்டிவிட்டது. உயர்வை எதிர்த்துக் கையெழுத்துப் போடத் தயங்கியவர்கள் அன்றே போட்டார்கள்.

நிர்வாகம் கேட்ட உயர்வு அவளுக்குப் பொருந்தவே பொருந்தாது. அவள் எங்களுக்கெல்லாம் பின்னால், புது வாடகைக்குக் குடிவந்தவள். நாங்கள் வென்றாலும் தோற்றாலும் அவளுக்கு ஒரு சதம் கூடாது, குறையாது. எங்கள் வாடகையைக் கேட்டு அவளுக்கு எரிச்சல் வந்திருந்தாலும் நான் பிழை சொல்லமாட்டேன். ஏன் வந்தாய் என்று கேட்டபோது, "நீங்க காலி பண்ணிட்டா அந்த வீட்டுக்கும் இதே வாடகைதானே கேப்பாங்க அக்கா. அப்புறம் இந்த ஊர்ல கட்டுப்படியாகிற வாடகைன்னு ஒண்ணு இருந்ததே யாருக்கும் தெரியாது" என்றாள். அதற்குப் பிறகும் எங்களோடு கதவு கதவாக ஏறி இறங்கினாள், பரீட்சை வாரத்திலும்கூட.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி. பற்றுச்சீட்டுகளை வரி வரியாகப் பார்த்த சட்ட உதவி மையத்துப் பிள்ளைகள், அறிவித்தல்களைத் தமிழிலும் உருதுவிலும் பிலிப்பைன்ஸ்காரரின் தகாலோகிலும் எழுதித் தந்தவர்கள், இணையவழி விசாரணைக்குத் தாத்தா பாட்டிமாரை அருகில் இருந்து இணைத்துவிட்ட பேரப்பிள்ளைகள், 2017இல் வாடகையை நிறுத்திவைத்துப் போராடிய அனுபவத்தைச் சொல்லப் ரொறன்ரோவின் மேற்கேயுள்ள பார்க்டேலிலிருந்து எங்கள் ஸ்காபரோ வரை வந்த இருவர், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்த மாமிமார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எங்களைக் காப்பாற்றிய தங்கச்சிக்கு இந்த உத்தரவால் ஒன்றுமே கிடைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளியுள்ள புதுக் கட்டடத்துக்கு அவள் மாறினால் நிலைமை இன்னும் மோசம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு வருடாந்த உயர்வில் வரம்பே கிடையாது. வாடகைக் கட்டுப்பாடு ஆளோடு போகாமல் வீட்டோடு நிற்க வேண்டும். அந்த 2018 விலக்கும் போக வேண்டும். இந்த இரண்டையும் மாகாணச் சட்டமன்றமான குயின்ஸ் பார்க்கில் கேட்காமல் நான் ஓயப்போவதில்லை.

வருகிற ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு அதே சலவை அறையில் கூடுகிறோம். இந்த முறை புதிதாகக் குடிவந்தவர்களின் கதவுகளைத்தான் முதலில் தட்டப்போகிறோம். உருதுவும் தகாலோகும் தெரிந்தவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வாருங்கள்.