பனிக்கால விடுமுறை: நீலகிரிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். ஊட்டிப் பக்கம் உறைபனி கடுமையாக விழுவதும் அந்த நாட்களில்தான். தேயிலையையும் கேரட்டையும் காப்பாற்ற ஆள் வேண்டும், பிள்ளைகளைக் கூப்பிடுவீர்கள். கூப்பிடுங்கள். எந்த வேலைக்கு, எந்த நேரத்தில் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் பேச்சு இருக்கிறது.

சாயங்கால வேலை அவர்களுக்கு ஏற்றது. வானம் மேகமில்லாமல் இருந்து, காற்றும் நின்றுவிட்டால் அன்றிரவு பனியை எதிர்பார்க்கலாம். இளந்தேயிலையையும் நாற்றுகளையும் மிலார், தாகை போன்ற காட்டுத் தழைகளைப் போட்டு வெயில் இறங்குவதற்குள் மூடிவிட்டால் மண்ணின் சூடு உள்ளேயே தங்கும். பிளாஸ்டிக் தாள் போடுவதென்றால் குச்சி நட்டு, இலையில் ஒட்டாமல் போடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மேட்டுப் பாத்தியை விட்டுவிட்டு ஓடையோரத்தை முதலில் பாருங்கள்.

விடியற்காலையில் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைக்கும் வேலைக்கு மட்டும் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம். கை விறைப்பது ஒரு பக்கம். புல் கருகிவிட்டால் காட்டுமாடு பச்சை தேடித் தோட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இருட்டில் அதன் முன்னால் போய் நிற்கக் கூடாது.

கருகிய தேயிலையைப் பார்த்ததும் கவாத்துக் கத்தியை எடுத்துவிடாதீர்கள். மேலே கருகிய இலைதான் அடுத்த பனிக்குக் கீழ்க்கிளையை மறைக்கிறது. பனி ஓயட்டும். எதுவரை பட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தபின் வெட்டலாம்.

அப்புறம் காடு. சோலைக்குள் மரநிழலில் பனி அவ்வளவாக இறங்காது, வெளியே புல்வெளிதான் காய்ந்து சருகாகிறது. கோடை மழை வரும்வரை அங்கே ஒரு தீக்குச்சி போதும். வரப்புப் புல்லைக் கொளுத்துவது, வழியோரம் குளிர்காய நெருப்பு மூட்டிவிட்டு அணைக்காமல் வருவது, இரண்டும் வேண்டாம். பெரிய வகுப்புப் பையன்களிடம் இதை நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள், நான் சொல்லிச் சொல்லி அவர்களுக்குப் பழகிவிட்டது. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு.

இந்தக் கடிதத்தில் ஒன்றையாவது கட்டாயம் செய்யுங்கள் என்றால் அது இதுதான்: கரி அடுப்பைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டுக் தணலைப் பக்கத்தில் வைத்துப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். புகை வரவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். தூங்கும் முன் தணலை வெளியே எடுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள்.

பள்ளித் தோட்டத்து முட்டைக்கோஸ் பாத்தியை விடுமுறையில் மாலைதோறும் மூடி, காலையில் திறந்துவிட ஆள் தேவை. பக்கத்தில் குடியிருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சத்துணவு அமைப்பாளரிடம் பெயர் கொடுத்தால் போதும். மிலார் பள்ளியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்