போட்டோவுக்கு என்ன ரேட் நியாயம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குடும்பப் படம் எடுக்க ஸ்டுடியோவில் மூவாயிரம் ரூபாய் வாங்கிவிட்டார்கள், பட்டனை அழுத்துவதற்கு இவ்வளவா என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தென்காசிப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்து ஆட்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த மூவாயிரம் எதற்கெல்லாம் போகிறது என்று அந்த ஸ்டுடியோவில் ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், எங்கள் தொழிலில் இருக்கிற பெரிய குறையே அதுதான்.

ஃபிலிம் காலத்தில் இந்தச் சண்டை குறைவு. ஒரு ரோலுக்கு 36 படம், ரோலுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு, எல்லாம் வாடிக்கையாளருக்கே தெரியும். இப்போது எதுவும் கண்ணில் படுவதில்லை, அதனால் "டிஜிட்டல்தானே அண்ணே, இன்னும் பத்து எடுங்களேன், என்ன செலவாகப் போகுது" என்கிறார்கள். எடுப்பதில் செலவு குறைந்தது உண்மைதான். ஆனால் வேலை முழுவதும் எடுத்ததற்கு அப்புறம்தான் இருக்கிறது. ஆறு பேர் இருக்கிற குடும்பம் என்று வையுங்கள். தாத்தாவின் கண்ணாடியில் லைட் அடித்திருக்கும், குழந்தை ஒரே ஒரு படத்தில்தான் நேராகப் பார்த்திருக்கும், அதே படத்தில் அத்தை கண்ணை மூடியிருப்பார். வேறு படத்திலிருந்து அத்தை முகத்தை எடுத்துப் பொருத்தி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்து, பட்டுப்புடவையின் அரக்கு நிறம் பிரிண்டில் கறுத்துப் போகாமல் கொண்டுவருவதற்குள் அரை நாள் ஓடிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். கேமரா, இரண்டு லென்ஸ், ஸ்டுடியோ லைட் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம், இது ஆடம்பரமான செட் இல்லை. அவை ஐந்து வருடம் உழைத்தால் மாதச் செலவு ஐயாயிரம். வாடகை பத்தாயிரம், உதவிக்கு இருக்கிற தம்பிக்குப் பன்னிரண்டாயிரம், கடைக்கான கரண்ட் பில்லும் இன்டர்நெட்டும் சாஃப்ட்வேர் சந்தாவும் ஐயாயிரம், கம்ப்யூட்டர், ஹார்டு டிஸ்க், ரிப்பேர் என்று மூவாயிரம். மொத்தம் முப்பத்தையாயிரம். வீட்டுச் செலவுக்கு முப்பதாயிரம் எடுத்தால் அறுபத்தையாயிரம் ஆகிறது. ஒரு சிட்டிங், அதாவது ஒரு குடும்பத்தை உட்காரவைத்துப் படம் எடுத்து, திருத்தி, பிரிண்ட் வாங்கிக் கொடுக்க ஏறக்குறைய ஒரு நாள் என்றால் மாதம் இருபத்தைந்துதான் முடியும், அதுவும் தினமும் ஆள் வந்தால். வகுத்துப் பாருங்கள், ஒரு சிட்டிங்குக்கு 2,600 ரூபாய், இதில் பிரிண்டும் ஃபிரேமும் சேரவில்லை. முன்பு பாஸ்போர்ட் சைஸ் வருமானம் கொஞ்சம் கைகொடுத்தது, இப்போது பாஸ்போர்ட் சேவா மையத்திலும் ஆதார் மையத்திலும் அங்கேயே எடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கைப் போடாமலேயே, பக்கத்துக் கடைக்காரர் ஆயிரம் என்றால் நாம் எண்ணூறு என்று இறங்குகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. கேமராவை மாதத் தவணையில் வாங்கியிருப்பார்கள், கேமராவுக்குள் திறந்து மூடுகிற ஷட்டருக்கும் ஒரு ஆயுள் உண்டு என்பதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள், அது தேய்ந்து மாற்ற வேண்டி வரும்போது கையில் காசு இருக்காது. இதற்குப் பதிலாக ஸ்டுடியோக்காரர்கள் சங்கம் கூடி எல்லாரும் இந்த ரேட்டுக்குக் கீழே வாங்கக் கூடாது என்று போர்டு வைக்கலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பதை 2002-ஆம் வருடத்துப் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு தடுக்கிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும், மதுரையில் இருக்கிற வாடகை எங்கள் ஊரில் இல்லையே. செலவை எப்படிக் கணக்கிடுவது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சங்கம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும், ரேட்டை அவரவர் போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்கு ஷூட் இலவசம் என்று கூப்பிட்டு, எடுத்த பிறகு ஒரு படம் ஐந்நூறு என்று விற்கிறார்கள். பெற்ற தாய்க்கு எந்தப் படத்தை வேண்டாம் என்று தள்ள மனசு வரும்? அதைத் தெரிந்துகொண்டே செய்கிற வியாபாரம் அது. இதைவிட எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், வாக்காளர் அட்டையில் இருக்கிற நகம் அளவுப் படத்தைக் கொண்டுவந்து, பதினாறாம் நாளுக்குள் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். அந்தப் புள்ளி புள்ளியான முகத்தில் கண்ணையும் மீசையையும் அவராகவே தெரிகிற மாதிரி மீட்டெடுப்பது உண்மையிலேயே கஷ்டமான வேலை, அதற்குரிய காசு வாங்குவது நியாயம். ஆனால் துக்கத்தில் இருப்பவர் பேரம் பேச மாட்டார் என்று ரேட்டை இரண்டு மடங்காக ஏற்றுகிறார்களே, அது அநியாயம்.

வாடிக்கையாளர்களுக்கும் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காசு கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி நீங்கள்தான் முதல் உரிமையாளர். ஆகவே உங்கள் பெண்ணின் படத்தைக் கடை வாசலிலோ இன்ஸ்டாகிராமிலோ போட வேண்டுமென்றால் எங்களைப் போன்றவர்கள் உங்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதற்காக ரேட்டைக் குறைப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஜிஎஸ்டி என்று 18 சதவீதம் சேர்த்தால் பதிவு எண் போட்ட பில் கேளுங்கள், வருடத்துக்கு இருபது லட்சத்துக்குள் வரவு உள்ள சின்ன ஸ்டுடியோ பொதுவாகப் பதிவு செய்யவே தேவையில்லை.

கடிதம் எழுதிய அந்த வாசகர் ஸ்டுடியோவுக்கு ஒருமுறை திரும்பப் போய், மூவாயிரத்தில் எத்தனை படம் திருத்தினார்கள், பிரிண்ட் என்ன சைஸ், ஃபைல் கொடுப்பார்களா, எத்தனை மாதம் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று கேட்கட்டும். ஒழுங்காகப் பதில் சொன்னால் அவர் கொடுத்தது சரியான காசு. பதில் சொல்லத் தெரியாவிட்டால் அவர் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. என் கடையில் இந்த நாலு விவரத்தையும் ரேட்டோடு எழுதி ஒட்டியிருக்கிறேன், மற்ற ஸ்டுடியோக்காரர்களும் ஒட்ட வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு ஸ்டுடியோக்காரர்,
தென்காசி