முருகேசனுக்கு: தூண்டில் கம்பு வாங்குவதற்கு முன்

செயின்ட் கிளவுட், மினசோட்டா
டிசம்பர் 10

அன்புள்ள மாப்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. டொராண்டோவை விட்டு வின்னிபெக்குக்குக் குடி மாறியதை இரண்டே வரியில் எழுதிவிட்டு, மிச்சப் பக்கம் முழுக்க, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற தூண்டில் கம்பு பற்றிக் கேட்டிருக்கிறாய். தங்கச்சி இதைப் பார்த்தாளா?

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீடியோவில் என் நரையெல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லித் திட்டுகிறார்கள். பெரியவள் மின்னியாபொலிஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என் முழங்கால் மட்டும் குளிர் வந்தால் பேச ஆரம்பித்துவிடுகிறது.

சரி, கம்பு. அங்கே பிக்கரல் என்கிறார்களே, அதுவும் இங்கே நாங்கள் வாலாய் என்பதும் ஒரே மீன்தான். மினசோட்டாவுக்கு அது 1965-லிருந்து மாநில மீன். இருட்டில் டார்ச் அடித்தால் பூனைக் கண் மாதிரி மின்னும். வெளிச்சம் குறையும்போதுதான் அதற்குப் பார்வை சாதகம், அதனால் விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம். மத்தியானம் போய் உட்கார்ந்துவிட்டுக் கம்பைக் குறை சொல்லாதே.

நான் முதல் குளிர்காலத்தில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். கடைக்குப் போனேன், இருந்ததிலேயே தடியான கம்பை எடுத்தேன். கண்மாயில் விரால் இழுத்து நம் மூங்கில் ஒடிந்ததே, அந்தப் பயம் இன்னும் உள்ளே இருந்ததோ என்னவோ. அதைத் தூக்கிக்கொண்டு மில் லாக்ஸ் ஏரிக்குப் போய், 25 அடி ஆழத்தில் ஸ்பூன் என்கிற உலோகத் தகட்டுத் தூண்டிலை இறக்கி, மூன்று மணி நேரம் மேலும் கீழுமாகச் சுண்டிச் சுண்டிக் கை மரத்துப்போனதுதான் மிச்சம். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நாலு மீனை எடுத்துப் பனியில் போட்டிருந்தார். என் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல் எழுந்து வந்து, தன் கம்பை என் கையில் கொடுத்து, "தரையில் தட்டிப் பார்" என்றார். தட்டினேன். 7 கிராம் எடைகூட இல்லாத அந்த ஸ்பூன் சேற்றில் பட்டதும், பக்கத்தில் கிடந்த கல்லில் பட்டதும் வேறுவேறாகக் கையில் தெரிந்தன. என் கம்பில் இரண்டும் ஒன்றுதான், அதாவது ஒன்றுமே இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் எத்தனை மீன் வந்து வாயில் வாங்கித் துப்பிவிட்டுப் போனதோ!

கண்மாயில் நமக்குத் தக்கை இருந்தது. அது முங்கினால் இழு, அவ்வளவுதான். இங்கே சுண்டுகிற கம்பில் தக்கை இல்லை. குளிர்ந்த தண்ணீரில் மீனுக்கு உடம்பு மந்தம், துரத்தி வந்து வெடுக்கென்று இழுக்காது. கிட்டே வந்து நிற்கும், வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும், பிடிக்கவில்லையா, துப்பிவிடும். சில சமயம் கீழிருந்து வாங்கி மேலே வரும். அப்போது தூண்டில் நரம்பு தொய்ந்து, வளைந்திருந்த நுனி நேராகும். கனம் கூடினாலும் மீன், குறைந்தாலும் மீன். இதைச் சொல்லத் தெரிந்த கம்புதான் உனக்கு வேண்டும்.

அதனால் நுனி மெலிந்து, நடுவிலிருந்து விறைப்பாக இருக்க வேண்டும். இதைத்தான் கடையில் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்பார்கள். விலைச்சீட்டில் இருப்பதை நம்பாதே, ஒரே வார்த்தைக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அர்த்தம். வீட்டிலிருந்து 7 கிராம் ஸ்பூன் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போ. கம்பின் நுனியில் தொங்கவிட்டால் கடைசி இரண்டு மூன்று அங்குலம் மட்டும் லேசாகத் தலைகுனிய வேண்டும். அசையவே இல்லையென்றால் அது தடி. பாதிக் கம்பும் வளைந்தால் சின்ன மீனுக்கானது. அப்புறம் பையனை விட்டு நுனியைப் பிடித்து இழுக்கச் சொல். பாதிக்கு வந்ததும் கம்பு எதிர்த்து நிற்க வேண்டும். கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்ப்பான், பார்க்கட்டும்.

வின்னிபெக் ஏரியில் பச்சை முதுகுப் பெரிய பிக்கரல் வரும் என்பதற்காக ஹெவி என்கிற தடித்த வகைக் கம்பை எடுத்துவிடாதே. மீன் கழன்று போகாமல் இருக்கத் தூண்டில் முள்ளில் ஒரு செதில் இருக்குமே, உங்கள் மனிடோபா மாகாணத்தில் அது கூடாது, நசுக்கிவிட வேண்டும். செதில் இல்லாத முள்ளில் நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் போய்விடும். வளைந்து கொடுக்கிற கம்புதான் நரம்பைத் தொய்யவிடாமல் பிடித்திருக்கும். உனக்கு மீடியம் போதும். ஏரியின் தெற்குப் பகுதி கலங்கல், சராசரி ஆழமும் சுமார் 9 மீட்டர்தான். அங்கே கிலுகிலுவென்று குலுங்கும் கனமான மீன் பொம்மையைத்தான் பலரும் போடுகிறார்கள். அதன் அதிர்வுக்கும் மீடியம் ஈடு கொடுக்கும். இங்கே எனக்கு அதற்கு ஒரு படி கீழே, மீடியம் லைட்.

நீளம்: நான் கூடாரத்துக்குள் உட்காருகிறவன், 28 அங்குலம். அதற்கு மேல் போனால் மீனை வெடுக்கென்று தூக்கும்போது கூரையில் இடிக்கும். நீ துளை துளையாக நடக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய், 32 எடு. குனியாமல் நிற்கலாம். நம் வயதுக்கு அது சின்ன விஷயம் இல்லை. நடந்துகொண்டே இரு, மீன் இருக்கிற துளையைத் தேடு என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கியவர் டேவ் கென்ஸ் என்கிற மினசோட்டாக்காரர். பனியில் இழுத்துப் போகிற ஸ்லெட்டோடு சேர்ந்து மடங்குகிற கூடாரத்தைக் கொண்டு வந்ததும் அவர்தான். அவர் புண்ணியத்தில் என் முழங்கால் பிழைத்தது.

கிராஃபைட்டா கண்ணாடி இழையா என்று கேட்டாயே. சுண்டுகிற கம்பு கிராஃபைட்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதை வாளியில் மற்றதோடு சேர்த்துக் குத்தி வைக்காதே. அது மீனால் ஒடிவதைவிடக் கார் கதவில் ஒடிவதுதான் அதிகம், எனக்கு இரண்டு போயிருக்கிறது. நரம்பு போகிற வளையங்கள் பெரிதாக இருக்கட்டும். சின்ன வளையத்தில் ஐந்து நிமிஷத்தில் ஐஸ் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கம்பைத் தண்ணீரில் முக்கி எடு, நகத்தால் பெயர்க்காதே. அதே காரணத்துக்காக வெளியே நிற்கும்போது பின்னல் நரம்பு வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கம்பி மாதிரி உறைந்துவிடும். 6 அல்லது 8 பவுண்டு கனம் தாங்குகிற ஒற்றை இழைத் தங்கூஸ் போதும். பிடி கார்க்காக இருந்தால் வெறும் கைக்கு இதமாக இருக்கும்.

காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இரண்டாவது கம்பில் பிடி. இரண்டு துளை போட்டு, ஒன்றில் நீ சுண்டிக்கொண்டிரு. மற்றதில் ஒரு சின்ன மீனைக் கோத்துச் சும்மா தொங்கவிடு. அந்தச் சும்மா கம்பு விலை குறைந்த கண்ணாடி இழையாகவே இருக்கட்டும், மெதுவாக வளைவதுதான் அங்கே வேலை. அதற்கு வேண்டுமானால் தக்கையும் போட்டுக்கொள். சுண்டுகிற சத்தத்துக்கு வருகிற மீன் பல நாள் பக்கத்துத் துளையில்தான் கடிக்கும்.

பிப்ரவரியில் நாலு நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. இங்கிருந்து வின்னிபெக் ஆறு மணி நேரம் கார். அங்கிருந்து ஏரிக்கரையில் இருக்கிற கிம்லிக்குப் போய்விடலாம். தங்கச்சியிடம் சொல், இந்த மீன் குழம்பில் கரைந்துவிடும், வறுக்கத்தான் லாயக்கு. மிளகாய்த்தூள் நான் கொண்டு வருகிறேன். அதுவரை தனியாகப் போகாதே. துளை போட்டு அளந்து, தெளிந்த ஐஸ் 4 அங்குலமாவது இல்லாமல் காலை வைக்காதே.

கடையில் எதைத் தூக்கினாய், நுனி எவ்வளவு குனிந்தது என்று எழுது.

உன்,
செல்வம்