பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்கு: இலையைத் திருப்பிப் பாருங்கள்

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி பக்கம் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கமுங்க.

நம்ம பக்கம் செடிக்கு ஒரு சீக்கு என்றால் முதலில் ஓடி வருவது உங்களிடம்தான். வேளாண் அலுவலரைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். நாலு இலையைக் கிள்ளிப் பையில் போட்டு வந்து, "அண்ணா, இதுக்கு ஏதாச்சும் குடுங்க" என்கிறோம். நீங்கள் எடுத்துக் கொடுப்பதை அடிக்கிறோம். அதனால் கோரிக்கையும் உங்களிடமே: பாட்டிலை எடுக்கும் முன் அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள்.

நாங்கள் கொண்டுவருவதில் நம்ம ஆளும், அதாவது கெட்ட பூச்சியை அழிக்கிற நல்ல பூச்சியும், சிக்கியிருப்பான். அவரைக்கொடியில் அசுவினி (சாறு உறிஞ்சும் செடிப்பேன்) மொய்த்த இடத்தில், கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி ஊர்வது பொறிவண்டின் புழு. வண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் பிள்ளையைத்தான் யாருக்கும் தெரியவில்லை. மாவுப்பூச்சியில் குழப்பம் இன்னும் பெரிது. அதைத் தின்ன வரும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். ஆனால் அதைவிடப் பெரிது, தொட்டால் விறுவிறுவென்று நகரும். முடி போன்ற காம்பின் நுனியில் முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சி வைத்தது. அசுவினிகளுக்கு நடுவே உப்பிப் பழுப்பேறி அசையாமல் ஒட்டியிருப்பவற்றுக்குள் குட்டிக் குளவி வளர்கிறது.

இதன் மேலெல்லாம் மருந்து விழுந்தால், அசுவினி சில நாளில் மறுபடி பெருகிவிடும். பொறிவண்டு திரும்பி வர நாளாகும். அடுத்த பாட்டிலுக்கு ஆள் வருமே, அது உங்களுக்கு லாபம்தானே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளாமை போனவன் கணக்கு யாருடைய கடன் நோட்டில் நிற்கிறது?

பப்பாளி மாவுப்பூச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். 2008-ல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று மேய்ந்தது. அடித்த மருந்துக்குக் கணக்கில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி! 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் வந்த சுருள் வெள்ளை ஈக்கும் வேளாண் பல்கலைக்கழகம் இதையேதான் சொல்கிறது: மருந்தடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவி செத்துப்போகும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

அப்புறம், "செடியில எறும்பு ஏறுதா?" என்றும் கேளுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மருந்தே விற்காதீர்கள் என்று சொல்லவில்லை. சிவப்புக் கூன்வண்டு குடைந்த தென்னைக்குப் பொறிவண்டு என்ன செய்யும்? ஒட்டுப்பொறியும், வேப்பம் புண்ணாக்கும், கரும்புக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டையும் (துளைப்பான் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவி உள்ள அட்டை) விற்றாலும் காசுதானே.

சரி, கேட்பது இவ்வளவுதான். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி, சுவரில் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் மேலே சொன்ன பூச்சிகளின் படம். படத்தை நான் பிரிண்ட் போட்டுத் தருகிறேன். கண்ணாடி உங்கள் செலவு.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரன்